பரிசு பெறத் தக்க தலைவர் யார்?

ஆண்டுதோறும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பரிசளிப்பு விழா நடைபெறுகின்றது. தோட்டத்து வேலையை முடித்த பெற்றோர்கள், குளித்து நல்லாடை உடுத்து, பிள்ளைகளின் கைபிடித்து மண்டபத்தில் வந்து அமர்கின்றனர். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை எனப் பெயர்கள் அழைக்கப்படுகின்றன. கைதட்டல் எழுகின்றது, பெற்ற மனம் குளிர்கின்றது. உழைத்துப் படித்த பிள்ளையை ஊரறியப் பாராட்டுவது நல்ல மரபேயாகும். அம்மரபு என்றும் நிலைத்தல் வேண்டும்.

ஆயினும், நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. தான் உயர்ந்த பிள்ளைக்கு மேடையில் இடம் இருக்கின்றது. தன்னோடு பிறரையும் உயர்த்திய பிள்ளைக்கு அம்மேடையில் இடம் இருக்கின்றதா? ரோபோ எனப்படும் தானியங்கி இயந்திரத்தை மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உருவாக்கும் போட்டிகள் தொடக்கப்பள்ளி வரையில் வந்துவிட்ட இக்காலத்தில், இவ்வினாவைத் தள்ளி வைத்தல் ஆகாது. அத்தகைய குழுக்களில் சிறந்து விளங்கும் மாணவத் தலைவர்களை முறையாகக் கண்டறிந்து போற்ற வேண்டும். அதற்குரிய வழியை நம் சிறிய பள்ளிகளும் பெரும் செலவின்றி வகுத்துக்கொள்ள இயலும். இதுவே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பழைய அளவுகோல்

நெடுங்காலம் நம் தொடக்கப்பள்ளிகளில் ஒரே ஓர் அளவுகோல்தான் இருந்தது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை 'ஏ' என்பதே அது. 2015 வரை தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு 7 'ஏ' உச்சமாக இருந்தது. 2016 முதல் அது 8 ஆயிற்று. அத்தேர்வு கடைசியாக நடந்தது 2019ஆம் ஆண்டில். 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் அது நடைபெறவில்லை. 2021இல் அரசாங்கம் அதனை நீக்கிவிட்டதாக அறிவித்தது. தேர்வு நீங்கிய பின்னரும் நம் மனத்திலுள்ள அளவுகோல் நீங்கவில்லை. இன்றும் ஒரு பிள்ளையைப் பார்த்தவுடன், "வகுப்பில் எத்தனையாவது நிலை?" என்றே கேட்கின்றோம்.

மதிப்பெண்ணைக் குறை கூறுவது நோக்கமன்று. தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை நம் பிள்ளைகளைக் கொண்டு சேர்த்த ஏணி அது. ஆனால், அந்த ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும். பலர் சேர்ந்து ஒரு பணியை முடிக்கும்பொழுது யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை அது காட்டாது. அதைக் காண வேறு கண் வேண்டும்.

ரோபோ என்னும் சொல்

ரோபோ என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகளாகிய நாம் அதை அறிந்திருத்தல் நன்று. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பேக் என்பவர் 1920ஆம் ஆண்டில் ஒரு நாடகம் எழுதினார். மனிதருக்குப் பதிலாக வேலை செய்வதற்கென்றே படைக்கப்பட்ட செயற்கை மாந்தர்கள் அதில் வருகின்றனர். அவர்களுக்கு 'ரோபோ' என்ற பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசப். செக் மொழியில் 'ரொபொட்டா' என்றால் கட்டாய உழைப்பு என்று பொருள். நிலத்தில் குடியிருந்த உழவர்கள், நிலக்கிழாரின் பண்ணையில் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலைக்கு அந்நாட்டில் அதுவே பெயர். 1848இல்தான் அந்த வழக்கம் அங்கே ஒழிக்கப்பட்டது.

ஆக, உலகம் இன்று வியந்து பார்க்கும் இயந்திரத்தின் பெயர், பிறருடைய நிலத்தில் வியர்வை சிந்திய மக்களின் வாழ்விலிருந்து பிறந்ததாகும். அத்தகைய வாழ்வை அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அந்த இயந்திரத்தைத் தம் கையால் உருவாக்கி, தாம் சொன்னபடி அதை நடக்கச் செய்கின்றனர். இந்த மாற்றத்தின் அருமையை உணர்ந்தால்தான், இதில் யாரைத் தலைவர் என்று காட்டுகின்றோம் என்பதும் சிறிய செய்தியன்று என்பது விளங்கும்.

தொழிலும் மாறி வருகின்றது. செம்பனைக் குலை வெட்டுவதற்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 'சந்தாஸ்' என்னும் மோட்டார் பொருத்திய வெட்டுக்கருவியை உருவாக்கியிருக்கின்றது. இயந்திரம் தோட்டத்திற்குள் வந்துவிட்டது. அதை இயக்குபவராகவும், திருத்துபவராகவும், புதிதாக வடிவமைப்பவராகவும் நம் பிள்ளைகள் வர வேண்டுமானால், அறிவோடு பிறரை இணைத்து வேலை வாங்கும் பண்பும் அவர்களுக்கு வேண்டும்.

ஒரு குழுவின் உள்ளே

ரோபோ குழு ஒன்றில் என்ன நடக்கின்றது என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒரு பிள்ளை பாகங்களை இணைத்து உடலை அமைக்கின்றது. மற்றொரு பிள்ளை கணினியில் கட்டளைகளை எழுதுகின்றது. வேறொன்று கம்பிகளையும் மின்கலத்தையும் கவனிக்கின்றது. இன்னொன்று எந்த நாளில் எந்தச் சோதனை செய்தோம், எது பிழைத்தது, எது பலித்தது என்று குறிப்பேட்டில் எழுதுகின்றது. போட்டி நாளில் ஒரு பிள்ளை மட்டும் ஆடுகளத்தருகே நின்று இயந்திரத்தை இயக்குகின்றது. எல்லாருடைய கண்களும் அப்பிள்ளையின் மீதே இருக்கும். படம் எடுப்பவரும் அப்பிள்ளையைத்தான் எடுப்பார்.

ஆனால், முந்திய மாலை சக்கரம் ஒன்று கழன்று விழுந்தபொழுது அழுத தோழியைத் தேற்றி, "மறுபடியும் பொருத்துவோம், வா" என்று அழைத்தது யார்? கட்டளை எழுதத் தெரியாமல் ஒதுங்கி நின்ற தம்பிக்குப் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகக் கற்றுக் கொடுத்தது யார்? இருவர் சண்டையிட்டுக்கொண்டபொழுது இருவரையும் பேச வைத்து வேலையைத் தொடரச் செய்தது யார்? அந்தப் பிள்ளையின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை. குழுவைத் தாங்கியதோ அப்பிள்ளைதான்.

உலக ரோபோ ஒலிம்பியாட் என்னும் போட்டி 2004இல் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் தொடங்கியது. 2012இல் கோலாலம்பூரிலும் நடைபெற்றது. அதில் 2 அல்லது 3 மாணவரும் ஒரு பயிற்றுநரும் சேர்ந்து ஒரு குழு ஆவர். போட்டி நாள் காலையில், அதுவரை யாருக்கும் தெரியாத புதிய விதி ஒன்று திடீரென அறிவிக்கப்படும். மாணவர் வேலை செய்யும் நேரத்தில் பயிற்றுநர் அருகில் வரக்கூடாது. மாதக்கணக்கில் பழகியது அந்த ஒரு விதியால் மாறிப் போகும். அந்நேரத்தில் கலங்காமல் தோழரைக் கூட்டி, "முதலில் எதை மாற்றலாம்?" என்று கேட்கும் பிள்ளையே தலைமைக்கு உரிய பிள்ளை என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவில் ஒரு விருது

மாணவத் தலைவர்களை இவ்வாறு தேடிக் கண்டு சிறப்பிக்கும் முறை உலகில் எங்கேனும் உண்டா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் இளைஞர்க்கு ஊக்கமும் மதிப்பும் உண்டாக்குதல் என்பதே அப்பெயரின் விரிவு. 1992இல் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களோடு அதன் முதற்போட்டி நடந்தது. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குழுக்கள் அதில் கலந்துகொள்கின்றன.

அப்போட்டியில் ஒரு புதுமை உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று குழுக்கள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, வேறு மூன்று குழுக்களை எதிர்த்து விளையாடுகின்றன. காலையில் எதிரணியில் நின்ற குழு, மாலையில் நம் கூட்டணியில் வந்து சேரலாம். ஆதலால், எதிரணியின் இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகத்தைக் கொடுத்து உதவுவது அங்கே வழக்கமாயிற்று. கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிரே நிற்பவரை மதித்து நட என்னும் இப்பண்பிற்கு அழகிய பெயர் சூட்டிப் பரப்பியவர், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராக இருந்து 2019இல் மறைந்த உட்டி ஃபிளவர்ஸ் ஆவார்.

இந்த அமைப்பு 2010ஆம் ஆண்டில் 'டீன் பட்டியல்' என்னும் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மிகுந்த மதிப்பெண் பெற்றோரின் பெயர்களை அடக்கிய பட்டியலுக்கும் அதுவே பெயர். ஆனால், இவ்விருது மதிப்பெண் பார்த்து வழங்கப்படுவதன்று. ரோபோ குழுவில் சிறந்த தலைமைப் பண்பும் ஈடுபாடும் காட்டிய உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கென்றே அமைந்தது.

அதன் முறை எளியது. ஒவ்வொரு குழுவும் இரண்டு மாணவர்களை மட்டுமே முன்மொழியலாம். மாணவர் தம்மைத் தாமே முன்மொழிந்துகொள்வதில்லை. அவரை அருகிலிருந்து பார்த்த வழிகாட்டி, அம்மாணவர் செய்தது என்ன என்று ஒரு கட்டுரையாக எழுத வேண்டும். பிறகு நடுவர்கள் அம்மாணவரை அழைத்துப் பேசுகின்றனர். வட்டாரப் போட்டியில் தேர்ந்தவர்கள் இறுதிச் சுற்றுக்குச் செல்கின்றனர். உலகப் போட்டியில் அவர்களிலிருந்து 10 பேர் வெற்றியாளராக அறிவிக்கப்படுகின்றனர். தொழில்நுட்ப அறிவு, புதியன காணும் ஆற்றல் ஆகியவற்றோடு, தோழரை ஊக்குவித்து வழிநடத்தும் திறன், குழுவிற்கு ஆற்றிய பங்கு, பள்ளியிலும் ஊரிலும் அறிவியல் ஆர்வத்தைப் பரப்பிய தொண்டு ஆகியவையும் அங்கே நிறுத்துப் பார்க்கப்படுகின்றன.

நாம் கற்க வேண்டியவை

இம்முறையிலிருந்து நாம் கற்க வேண்டியவை நான்கு.

முதலாவது, இவ்விருது குழுவின் வெற்றி தோல்வியோடு கட்டப்படவில்லை. கடைசி நிலையில் வந்த குழுவின் மாணவரும் இதைப் பெறலாம். அந்த அமைப்பு குழுக்களுக்கு வழங்கும் மிக உயர்ந்த பரிசும் ஆட்டத்தில் வென்ற இயந்திரத்திற்குரியதன்று. முன்னர் 'சேர்மன் விருது' என்றும் இப்பொழுது 'இம்பாக்ட் விருது' என்றும் வழங்கும் அப்பரிசு, தன் சமுதாயத்திற்கு நன்மை செய்த குழுவையே சேர்கின்றது.

இரண்டாவது, பள்ளியின் இறுதியாண்டு மாணவர்க்கு இவ்விருது இல்லை. பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்க்கே உரியது. அதாவது ஏறக்குறைய நம் படிவம் 4, படிவம் 5 மாணவரின் வயதினர்க்கு. விருது பெற்ற மாணவர் பள்ளியை விட்டுப் போய்விடாமல், மேலும் ஓராண்டேனும் அக்குழுவில் இருந்து இளையோரை உருவாக்க இதனால் வழி ஏற்படுகின்றது.

மூன்றாவது, பாராட்டு எழுத்தில் அமைகின்றது. "நல்ல மாணவர், பணிவுள்ளவர்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட இயலாது. இந்த நாளில், இந்த இடரில், இம்மாணவர் இதைச் செய்தார் என்று எடுத்துக்காட்ட வேண்டும். அவ்வாறு எழுத வேண்டுமானால் வழிகாட்டி ஆண்டு முழுவதும் கண் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது, பாராட்டு இருவழிப் பாதையாக இருக்கின்றது. உட்டி ஃபிளவர்ஸ் பெயரால் 1996 முதல் வழங்கப்படும் மற்றொரு விருது வழிகாட்டிகளுக்கு உரியது. அதற்கு மாணவர்களே தம் வழிகாட்டியைப் பற்றி எழுதி முன்மொழிகின்றனர். பெரியவர் சிறியவரைக் கவனிக்கின்றார். சிறியவரும் பெரியவரைக் கவனிக்கின்றார்.

இம்முறை குறையே இல்லாதது என்று கூறுவதற்கில்லை. நன்றாக எழுதத் தெரிந்த வழிகாட்டி வாய்த்த மாணவர்க்கு வாய்ப்பு கூடும். அத்தகைய துணை இல்லாத மாணவரின் தொண்டு மறைந்து போகலாம். ஆயினும், ஆளை அருகிருந்து அறிந்து, செய்த செயலைக் கொண்டு தேர்தல் என்னும் அடிப்படை உறுதியானது. அது நமக்குப் புதியதும் அன்று. திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆளை ஆராய்ந்து அறிந்து செயலை ஒப்படைக்கும் முறையை 10 குறட்பாக்களில் அது பேசுகின்றது.

தோட்டம் கற்றுக் கொடுத்தது

தலைமை என்றால் என்ன என்பதை நம் பெற்றோர்க்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லத் தேவையில்லை. பால்மரக் காட்டில் அவர்கள் அதைக் கண்ணாரக் கண்டவர்கள். புதிதாக வெட்டுக்கு வந்தவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். பட்டை மறுபடியும் சீராக வளராது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. அந்த நுட்பத்தை, தம் நிரையை நிறுத்தி வைத்துவிட்டு அடுத்த நிரைக்குச் சென்று கற்றுக் கொடுத்த மூத்த தொழிலாளிகள் எத்தனையோ பேர். செக்ரோலில் ஏறியது அவர்கள் வெட்டிய பாலின் கணக்குத்தான். அவர்கள் கற்றுக் கொடுத்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆனால், அவர்கள் இல்லையேல் புதியவருக்குத் தொழில் இல்லை.

தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த துன் வீ.தி. சம்பந்தனின் பெயரை வரலாறு நன்றியோடு கூறுகின்றது. அச்சங்கம் தோட்டங்களை வாங்கும் அளவிற்கு வளர்ந்ததோ, தொழிலாளர்கள் தம் சிறு வருவாயிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தால் ஆகும். தலைவர் ஒருவர் வழி காட்டினார். பெயர் அறியப்படாத பலர் அவ்வழியில் மற்றவரையும் நம்பி நடக்கச் செய்தனர். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். தேரின் முன்னே வடம் பிடிப்போர் பலர் கண்ணிலும் படுவர். சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவோரைச் சிலரே காண்பர். பள்ளிக்கூடமாவது அவர்களைக் காணக் கற்க வேண்டாமா?

சில ஐயங்கள்

"ஒருவரைத் தலைவர் என்று பிரித்துக் காட்டினால் மற்றப் பிள்ளைகளுக்குப் பொறாமை வராதா?" என்று சிலர் கேட்கலாம். காரணம் சொல்லாமல் கொடுக்கும் பரிசே பொறாமையை வளர்க்கும். இன்ன செயலுக்காக இப்பரிசு என்று மண்டபத்தில் வாசித்துக் காட்டினால், உடன் உழைத்த பிள்ளைகளே "ஆம், உண்மைதான்" என்று தலையசைப்பர். அவர்கள் அவ்வாறு தலையசைக்கவில்லையெனில், தேர்வு பிழையானது என்பதையும் ஆசிரியர் அறிந்துகொள்ளலாம்.

"உரத்த குரலில் கட்டளையிடத் தெரிந்த பிள்ளையே தலைவர்" என்னும் எண்ணமும் நம்மிடையே உண்டு. வரிசையை நேராக்க உரத்த குரல் உதவும். ஓர் இயந்திரம் ஏன் நின்று போயிற்று என்று நால்வர் கூடி ஆராயும்பொழுது, கேட்கத் தெரிந்த காதே மிகுதியும் உதவும். வீட்டில் பேச்சுக் குறைந்த பிள்ளை, கூச்ச மிகுதியால் பின் வரிசையில் அமரும் தோட்டத்துப் பிள்ளை, இவர்களுக்குள்ளும் தலைமை உறங்கிக் கிடக்கலாம். ஒரு முறை பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டிவிட்டால் அது விழித்துக்கொள்ளும். இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, பல இனத்து மாணவர் நிறைந்த பெரிய வகுப்பில் தனித்து நிற்கும் நாளில், "என்னாலும் பிறரைச் சேர்த்துக்கொண்டு ஒன்றைச் செய்ய முடியும்" என்ற நினைவு அப்பிள்ளைக்குத் துணை நிற்கும். இந்த நம்பிக்கை இல்லாமல், அறிவிருந்தும் பின்வாங்கிப் போன பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். நம் முன் உள்ள உண்மையான இழப்பு அதுவே.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். குறிப்பேடு எழுதவும், பொருள்களை எண்ணி அடுக்கவும் பெண் பிள்ளைகளை அமர்த்திவிட்டு, இயந்திரத்தை இயக்கும் பொறுப்பை ஆண் பிள்ளைகளுக்கே அளிப்பது நல்ல வழக்கமன்று. எல்லாப் பொறுப்பும் எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும். அப்பொழுதுதான் யாரிடம் எத்திறன் உண்டு என்பது தெரியவரும். குறிப்பேடு எழுதுவதும் தாழ்ந்த பணியன்று. சென்ற வாரத் தவற்றை இந்த வாரம் செய்யாமல் குழுவைக் காப்பது அக்குறிப்பேடே.

நம் பள்ளிகள் செய்யத் தக்கவை

சிம்பாங் ரெங்கம் போன்ற சிற்றூரிலும், செம்பனைக்கும் பால்மரத்திற்கும் நடுவே நிற்கும் தோட்டப் பள்ளியிலும் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுவேன். இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை.

ரோபோ குழுவோ அறிவியல் கழகமோ நடத்தும் ஆசிரியர், ஒரு பயிற்சிப் புத்தகத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும். பயிற்சி முடிந்தவுடன், அன்று யார் யாருக்கு எப்படி உதவினர் என்று ஓரிரு வரி எழுதி வைக்க வேண்டும். ஆண்டிறுதியில் அந்த வரிகளே சான்றாகும்.

குழு மாணவர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "இவ்வாண்டு உனக்கு மிகுதியாகக் கற்றுக் கொடுத்த தோழர் யார்?" என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் இதற்குப் பெரும்பாலும் உண்மையையே கூறுவர்.

ஆறாம் ஆண்டு மாணவரோடு நின்றுவிடாமல், ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு கருவிப்பெட்டியின் பொறுப்பையும், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பரிசு என்பது மேலும் ஒரு பொறுப்பாக வந்து சேரும்பொழுது அதன் மதிப்பு உயரும்.

பரிசளிப்பு விழாவில், அந்த மாணவர் செய்ததை அரைப்பக்க அளவில் ஆசிரியர் வாசிக்க வேண்டும். அத்தாளையே மாணவர் கையில் கொடுக்க வேண்டும். விலை உயர்ந்த கோப்பை காலப்போக்கில் மங்கிப் போகும். ஆசிரியர் கைப்பட எழுதிய தாளை அம்மா பெட்டியில் பத்திரப்படுத்தி வைப்பார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால், தேர்ந்த மாணவரைத் தோழரோடு சேர்த்து ஒரு நாள் கல்விப் பயணமாக அழைத்துச் செல்லலாம். பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் ஜொகூர் மாநிலத்திலேயே இருக்கின்றன. முன்னதாகக் கடிதம் எழுதி இசைவு கேட்டுச் செல்லலாம். "நானும் ஒரு நாள் இங்கே படிப்பேன்" என்னும் எண்ணம் அங்கே விதைக்கப்படும்.

இறுதியாக, மாணவர்களும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டட்டும். மாலை வேளையில் தங்கிக் கற்றுக் கொடுத்த ஆசிரியராக இருக்கலாம். கழன்ற பாகத்தைப் பற்றவைத்துக் கொடுத்த தோட்டத்துப் பட்டறைத் தொழிலாளியாக இருக்கலாம். பயிற்சி நாள்களில் தேநீர் வைத்துக் கொடுத்த தாயாக இருக்கலாம். நன்றி கூறப் பழகிய பிள்ளையே நாளை பிறரை மதிக்கும் தலைவராக வளரும்.

முடிவுரை

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை போட்டி முடிந்து வீடு திரும்பும்பொழுது, "வென்றாயா?" என்று கேட்பது இயல்பு. அதனோடு, "இன்று யாருக்கு உதவினாய்? உனக்கு யார் உதவினார்?" என்றும் கேளுங்கள். பரிசுப் பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லாவிட்டால் கடிந்து பேசாதீர்கள். எந்த வேலையை முழுமையாகச் செய்தது என்பதைக் கேட்டு, அதற்காகத் தட்டிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! இயந்திரம் நீங்கள் எழுதிய கட்டளைப்படி நடக்கும். உடன் இருக்கும் தோழர் அப்படி நடக்கமாட்டார். அவருக்கு மனம் உண்டு. அந்த மனத்தை வெல்ல அன்பும் பொறுமையும் வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததை ஒளித்து வைக்காதீர்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். உங்களால் ஒரு தோழர் ஒரு படி ஏறினார் என்றால், அன்றே நீங்கள் தலைவர் ஆகிவிட்டீர்கள்.

வருகின்ற பரிசளிப்பு விழாவில் முதல் நிலை மாணவரோடு, பிறரை உயர்த்திய மாணவர் ஒருவரும் மேடை ஏறட்டும். அவர் செய்த தொண்டு வாசிக்கப்படட்டும். அன்று எழும் கைதட்டலில், கணக்கில் ஏறாமல் பிறருக்குத் தொழில் கற்றுக் கொடுத்த நம் தோட்டத்து மூத்தோர்க்கும் ஒரு பங்கு உண்டு.